தெரியாது என்று எழுதுங்கள்

பெயர்ச்சீட்டு தொலைந்துபோன செடியைப் படம்பிடித்துக் காட்டினால் போதும், பெயர் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை தோட்டம் போடுகிறவர்களிடம் ஊறிவிட்டது. கைபேசிச் செயலி நொடியில் ஒரு பெயரைச் சொல்கிறது. அது தயங்கினால் அனுபவசாலி ஒருவர் சொல்கிறார். அவரும் தயங்கினால், பெயரோடு அச்சான ஏதோ ஒரு படத்தை நம் செடியோடு ஒப்பிட்டு நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பெயரில்லாமல் ஒரு செடி நிற்பது தோட்டத்துக்குக் குறை என்றும், பெயரே இல்லாததைவிட ஏறக்குறைய பொருந்தும் பெயர் மேல் என்றும் பரவலாக ஒப்புக்கொண்டாகிவிட்டது. நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. மண்ணில் வளரும் புரோமிலியாடுகளைப் பொறுத்தவரை இந்த எண்ணம் தவறு. அந்தச் செடிகளுக்கே இதனால் கேடு விளைகிறது.

எந்தச் செடிகளைச் சொல்கிறேன் என்பதற்கு ஓர் அறிமுகம். அன்னாசி ஒரு தரைவாழ் புரோமிலியாட். அதன் குடும்பத்தில் 3,500-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில் வளரும் பிட்கெய்ர்னியா ஃபெலிசியானா ஒன்றைத் தவிர அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. மரக்கிளைகளைப் பற்றி வாழும் உறவினர்களுக்குத்தான் புகழ் அதிகம். தரையில் வாழ்பவை முள்ளும் விறைப்புமாக ஒதுங்கி நிற்கின்றன: பிரேசில், அர்ஜென்டினா பாறைநிலங்களின் டிக்கியா, மெக்சிகோவின் ஹெக்டியா, ஆண்டிஸ் மலைத்தொடரின் புயா, பிரேசில் காட்டுத்தரையில் நட்சத்திரம்போல் விரியும் கிரிப்டாந்தஸ். ஃபுளோரிடா, கலிஃபோர்னியா, குவீன்ஸ்லாந்து வீட்டுத் தோட்டங்களில் இவை பல பத்தாண்டுகளாகக் கன்று பிரித்துக் கைமாறி வந்திருக்கின்றன. தாய்லாந்துக்காரர்கள் பெருக்கிய டிக்கியா கலப்புகள் நம் ஊர் மாடித்தோட்டங்கள் வரை வந்துவிட்டன. முள்ளுக்குப் பயந்து யாரும் அடிக்கடி கைவைக்காத புதர்கள் இவை. பிளாஸ்டிக் சீட்டு வெயிலில் வெளிறி ஒடிந்து இலைகளுக்கு அடியில் மறைந்துவிடும். தோட்டம் கைமாறும்போது புதிய உரிமையாளருக்குச் செடி மிஞ்சுகிறது, பெயர் மிஞ்சுவதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

தோற்றத்தை நம்பலாமா என்பதை அன்னாசியிடமே கேட்டுப் பார்க்கலாம். எர்ணாகுளம் மாவட்டத்து வாழக்குளத்தில் விளையும் மொரீஷியஸ் ரகத்துக்கு இலையோரம் நெடுக முள். கியூ ரகத்துக்கு நுனிப்பக்கம் சில முட்கள் இருக்கும், மற்றபடி ஓரம் வழவழப்பு. இரண்டும் ஒரே சிற்றினம். வழவழப்பான ரகத்திலேயே திடீரென்று முள்ளோடு ஒரு கன்று முளைப்பதும் உண்டு. மரபணுவில் சிறிய மாற்றம் நேர்ந்தால் போதும். முள் இருப்பது ஓர் இனம், இல்லாதது வேறினம் என்று யாராவது சொன்னால் அன்னாசி போடும் எந்த விவசாயியும் சிரிப்பார். ஆனால் டிக்கியாவின் முள் நீளத்தைப் பார்த்து ஒருவர் சிற்றினப் பெயர் சொன்னால் நாம் தலையாட்டி எழுதிக்கொள்கிறோம். தாவரவியலாளர்களுக்கும் அன்னாசி இதைக் கற்றுக்கொடுத்தது. தனித்தனிச் சிற்றினங்களாகப் பிரித்து வைத்திருந்த பல அன்னாசிகளை 2003-ல் ஜியோ கோப்பன்ஸ் டெக்கன்புரூக், ஃபிரெடி லியால் இருவரும் ஒரே சிற்றினத்தின் ஐந்து வகைகளாக அடக்கினார்கள். உலகமே பயிரிட்டுத் தின்னும் ஒரு செடிக்கே இந்த நிலை என்றால், ஒற்றை மலைச்சரிவில் மட்டும் வளரும் டிக்கியாவை முள்ளை வைத்து எப்படி நிச்சயிப்பது?

வெயில் இன்னொரு பொய் சொல்லும். ஒரே டிக்கியாவிலிருந்து இரண்டு கன்றுகள் பிரித்து, ஒன்றை நாள் முழுக்க வெயில் விழும் இடத்திலும் மற்றதை மாமர நிழலிலும் வைத்துப் பாருங்கள். வெயிலில் நிற்பது குட்டையாக, இறுக்கமாக, செம்பழுப்பாக மாறும். நிழலில் நிற்பது நீண்டு தளர்ந்து பச்சையாகும். சில காலம் கழித்து இரண்டையும் படமெடுத்தால், இரண்டும் வேறு வேறு சிற்றினம் என்று எவரும் சத்தியம் செய்வார்கள். படத்தில் செடியோடு சேர்த்து, அது நிற்கும் இடமும் அதற்குக் கிடைத்த உரமும் தண்ணீரும் பதிவாகின்றன. எது பிறவிக் குணம், எது வளர்ப்பால் வந்தது என்று படம் பிரித்துச் சொல்லாது.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கலப்பு. டிக்கியாவில் 150-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று தாராளமாகக் கலக்கும். அக்கம்பக்கத்தில் இரண்டு பூத்தால் போதும், தேன் தேடி வரும் தேனீயோ பறவையோ மீதியைப் பார்த்துக்கொள்ளும். தட்டையான, சிறகு விளிம்புள்ள விதைகள் உதிர்ந்து தொட்டிக்குத் தொட்டி முளைக்கும். தாய்ச்செடியின் பெயரையே அந்த நாற்றுகளுக்கும் எழுதிவிடுவது தோட்டங்களில் சர்வசாதாரணமாக நடக்கிறது. 'லாட் குடாக்' என்ற புகழ்பெற்ற டிக்கியாவைப் பாருங்கள். பிரெவிஃபோலியாவும் லெப்டோஸ்டாக்கியாவும் கலந்து பிறந்தது. அதன் கன்றுகள் 'லாட் குடாக்'. அதன் விதையில் முளைத்தவை 'லாட் குடாக்' ஆகா. அவற்றில் சில தாத்தாவைப்போல இருக்கும், சில பாட்டியைப்போல. பிரெவிஃபோலியாவைப்போல இருக்கும் நாற்றுக்குச் சீட்டு தொலைந்தால், படத்தைப் பார்க்கும் அனுபவசாலி பிரெவிஃபோலியா என்பார். அவர் கண் பழுதில்லை. சாயலைச் சரியாகத்தான் சொன்னார். ஆனால் முகச்சாயலை வைத்துப் பிறப்புச் சான்றிதழ் எழுத முடியாது. ரகப்பெயர் என்பது வம்சாவளி. அது பதிவேட்டிலும் கன்று கொடுத்தவர் நினைவிலும் இருக்கிறது, இலையில் எழுதியிருப்பதில்லை. 1950-ல் தொடங்கிய பன்னாட்டு புரோமிலியாட் சங்கம் ரகங்களுக்கெனப் பதிவேடு வைத்திருப்பது இதற்காகத்தான். பெற்றோர் யார், உருவாக்கியவர் யார் என்ற செய்திகள் காகிதத்தில் இல்லாவிட்டால் திரும்பக் கிடைக்காது.

அப்படியானால் சீட்டில்லாத செடியைப் பற்றி எதுவுமே அறிய முடியாதா என்று கேட்பார்கள். நிறைய அறியலாம். என் வாதமே அதுதான். அறியக்கூடியதை விட்டுவிட்டு அறிய முடியாததன் பின்னால் ஓடுகிறோம்.

குடும்பத்தை உறுதிசெய்யக் கைலென்ஸ் ஒன்று போதும், பத்து மடங்கு பெருக்கிக் காட்டுவதாக. ரயில் கற்றாழை, சோற்றுக்கற்றாழை, யூக்கா எல்லாம் தரைவாழ் புரோமிலியாடுகளைப் போலவே ரோஜாப்பூ அடுக்கில் முள்ளிலைகளை விரிப்பவை. ஹெக்டியாவை ரயில் கற்றாழை என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. இலையின் அடிப்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். புரோமிலியாடாக இருந்தால் நடுவில் காம்பு கொண்ட நுண்ணிய செதில்கள் வெள்ளைப்பொடி தூவியதுபோல் ஒட்டியிருக்கும். டிக்கியாக்களில் அவை நரம்புகளுக்கு இடையே வரிவரியாக ஓடும். கற்றாழையின் வெண்பூச்சு மெழுகு, விரலால் தேய்த்தால் வழுக்கும். இந்த ஒரு சோதனை பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். இதற்குச் செயலி தேவையில்லை.

பேரினத்துக்குப் பூ வேண்டும். காத்திருக்கத்தான் வேண்டும். பூந்தண்டு எங்கிருந்து கிளம்புகிறது என்பதை முதலில் பாருங்கள். பெரும்பாலான டிக்கியாக்களில் அது இலையடுக்கின் பக்கவாட்டிலிருந்து வரும். அதனால் பூத்த பிறகும் அதே இலையடுக்கு சாகாமல் தொடர்ந்து வளரும். அவற்றின் பூக்கள் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற வரிசையில் இருக்கும், தண்டில் எறும்பு மொய்க்கும். வடகிழக்குப் பிரேசிலின் என்கோலிரியம் பார்வைக்கு டிக்கியாவின் இரட்டைப்பிறவி. ஆனால் தண்டு நட்டநடு உச்சியிலிருந்து எழும். ஹெக்டியாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூக்கள் சிறியவை, பெரும்பாலும் வெள்ளை. ஒரு பூவைப் பிளந்து பார்த்து மகரந்தம் மட்டுமோ சூலகம் மட்டுமோ இருந்தால் விடை கிட்டத்தட்ட கையில் இருக்கிறது. டியூட்டரோகோனியாவின் பூந்தண்டு பட்டுப்போகாமல் ஆண்டுக்கணக்கில் மறுபடி மறுபடி பூக்கும். புயாவின் இதழ்கள் வாடும்போது முறுக்கிக்கொள்ளும். அன்னாசியின் நெருங்கிய கூட்டத்தில் சூலகம் இதழ்களுக்குக் கீழே இருக்கும், சதைக்கனியாகப் பழுக்கும். டிக்கியாவிலும் புயாவிலும் இதழ்களுக்கு மேலே, காய்ந்து வெடிக்கும் காயாக. மழைக்காலத்தில் புல் என்று நினைத்துப் பிடுங்கி எறியப்படும் பிட்கெய்ர்னியா நீண்ட சிவப்புப் பூவை நீட்டும்போதுதான் தன்னைக் காட்டிக்கொள்ளும். ஒரு பூவைச் சவரத் தகட்டால் நெடுக்காகப் பிளந்து வெள்ளைத் தாளில் வைத்துப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரத்தைச் செலவழிக்காமல் இலையை மட்டும் படமெடுத்து அனுப்பி, சிற்றினப் பெயரும் ரகப்பெயரும் கேட்பது அநியாயமான எதிர்பார்ப்பு.

அனுபவசாலிகளின் கண்ணை நான் குறைத்து மதிப்பிடுவதாக ஒரு குற்றச்சாட்டு வரலாம். அந்தக் கண்ணுக்கு உரிய மரியாதையைத் தரவேண்டும் என்றுதான் சொல்கிறேன். லைமன் ஸ்மித்தும் ராபர்ட் டவுன்சும் 1974, 1977, 1979 ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளியிட்ட புரோமிலியாட் பெருநூல் இந்தத் துறையின் அடித்தளம். அதிலுள்ள பிரிப்பு விதிகள் புல்லி இதழின் நீளம், மகரந்தத்தாள் எதோடு ஒட்டியிருக்கிறது, பூவடிச்செதிலின் விளிம்பு என்று மில்லிமீட்டர் கணக்கில் போகின்றன. ஃபுளோரிடாவின் சரசோட்டாவில் மரீ செல்பி தாவரவியல் பூங்காவில் ஹாரி லூதர் நடத்திய அடையாள மையம் உலகெங்குமுள்ள வளர்ப்பாளர்களுக்குப் புகலிடமாக இருந்தது. அந்தப் பூங்கா பூக்களைச் சாராயக் கரைசலில் பாதுகாத்துப் பெரும் தொகுப்பாக வைத்திருப்பது, உலர்ந்து நசுங்கிய பூவில்கூடச் சில உண்மைகள் அழிந்துவிடும் என்பதால்தான். வாழ்நாளையே இதற்குக் கொடுத்தவர்கள் இத்தனை பாடுபட்ட இடத்தில், கைபேசித் திரையில் ஓர் இலையைப் பார்த்துப் பெயர் சொல்பவரை நிபுணர் என்பது நிபுணத்துவத்துக்கே அவமரியாதை. நல்ல நிபுணர் எங்கே நிறுத்துவது என்று அறிந்தவர். டிக்கியா, கலப்பாக இருக்கலாம், பூக்கட்டும் பார்ப்போம் என்று சொல்பவரை நம்புங்கள்.

செயலிகளைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. பெயரிட்ட படங்களைக் கற்றுக்கொண்டு, புதிய படத்துக்கு நெருக்கமானதைக் கணக்கிட்டுச் சொல்லும் கருவி அது. தென்னைக்கும் வேம்புக்கும் அது நன்றாகவே உதவும். டிக்கியாவில் என்ன நடக்கிறது? கலப்பு நாற்றுக்குச் சிற்றினப் பெயர் எழுதி ஒருவர் விற்கிறார். வாங்கியவர் அந்தப் பெயரோடு படம் போடுகிறார். கருவி அதைப் படிக்கிறது. சீட்டில்லாத செடியோடு வரும் அடுத்த ஆளுக்கு அதே பெயரைத் திருப்பிக் கொடுக்கிறது. அவரும் சீட்டெழுதிப் படம் போடுகிறார். இரண்டு சுற்றுக்குப் பிறகு தவறான பெயருக்கு ஆயிரம் சாட்சிகள். ஆயிரமும் ஒரே வாயிலிருந்து வந்தவை என்பது யாருக்கும் தெரியாது. காட்டில் யாரும் பார்க்காத ஒரு 'சிற்றினம்' தோட்டங்களில் மட்டும் உருவாகிவிடுகிறது.

டிஎன்ஏ தீர்த்துவைக்கும் என்பது புதிய நம்பிக்கை. டிக்கியா அண்மைக் காலத்தில் வேகமாகக் கிளைத்த பேரினம். அதன் சிற்றினங்களுக்கிடையே, வழக்கமாகச் சோதிக்கப்படும் பசுங்கணிக டிஎன்ஏவில் வேறுபாடு மிகக் குறைவு. மேலும் பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் பசுங்கணிகம் தாய்வழியாக மட்டுமே வருகிறது. தோட்டத்துக் கலப்பில் தகப்பன் யார் என்ற கேள்விக்கு அது வாயே திறக்காது. ஆய்வகத்தில் முழு மரபணுத் தொகுதியைப் பல செடிகளோடு ஒப்பிட்டுத் துருவலாம்தான். அப்போதும், ஒப்பிட எடுத்த மாதிரிகளின் பெயர் சரியாக இருந்தால்தான் விடை சரியாக இருக்கும்.

பெயர் தெரியாமல் எப்படி வளர்ப்பது என்பது நியாயமான கேள்வி. பதில் எளிது: வளர்ப்பதற்குப் பேரினம் போதும். டிக்கியாவுக்கு வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் வேண்டும். கள்ளிபோல் பட்டினி போடாமல் தண்ணீரும் காட்ட வேண்டும். ஹெக்டியா இன்னும் வறட்சி தாங்கும். கிரிப்டாந்தஸ் நிழலும் ஈரக்காற்றும் கேட்கும், வேரில் ஈரம் வற்றினால் சுருளும். புரோமிலியா என்ற பேரினத்துச் செடியை நடைபாதை ஓரத்தில் வைக்கவே கூடாது. ஓடுதண்டு விட்டுப் பரவி ஆளை நெருங்கவிடாத வேலியாகிவிடும். இவற்றில் எதற்கும் சிற்றினப் பெயர் தேவைப்படவில்லை.

என் தோட்டம், என் சீட்டு, யாருக்கு என்ன நஷ்டம் என்பவர்களுக்குத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிக்கியா டிஸ்டாக்கியா என்று ஒரு செடி. தெற்குப் பிரேசிலில், வெள்ளம் வந்தால் மூழ்கும் ஆற்றுப்பாறைகளைப் பற்றி வாழ்வது. 2005-ல் பெலோட்டாஸ் ஆற்றில் பார்ரா கிராண்டே அணை நிரம்பியபோது அதன் வாழிடத்தின் பெரும்பகுதி நீருக்கடியில் போனது. முன்கூட்டியே மீட்டுவைத்த செடிகளைக் கொண்டு அதை மறுபடி ஆற்றங்கரையில் நட்டு நிலைநிறுத்த ஆய்வாளர்கள் பாடுபட்டார்கள். இத்தகைய செடிக்கு, எந்தக் கரையில் எடுத்தது என்ற குறிப்போடு ஏதோ ஒரு தோட்டத்தில் நிற்கும் ஒற்றைக் கன்றும் பொக்கிஷம். அதே பெயரை யூகத்தில் சுமக்கும் நூறு கலப்புச் செடிகள் சுற்றி நின்றால் அந்த ஒன்றை எப்படித் தேடிப் பிடிப்பது? கலப்பின் விதை உண்மையான இனத்தின் பெயரில் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? வீட்டுத் தோட்டத்தில் எழுதும் சீட்டு வீட்டோடு நிற்பதில்லை. கன்றோடு வாசலைத் தாண்டும், எழுதியவரின் தயக்கத்தை உள்ளேயே விட்டுவிட்டு. நாம் 'பிரெவிஃபோலியாவாக இருக்கலாம்' என்று நினைத்து எழுதியது, அடுத்த வீட்டில் பிரெவிஃபோலியா என்றே நிலைத்துவிடும்.

முறையான பெயர்களும் நிலையாக நிற்பதில்லை. 2017-ல் எல்டன் லெமேயும் சக ஆய்வாளர்களும் கிரிப்டாந்தஸிலிருந்து சில சிற்றினங்களைப் பிரித்து ஹோப்லோகிரிப்டாந்தஸ், ஃபோர்சியா, ரோகாவுட்ஸ்கியா என்ற புதிய பேரினங்களில் வைத்தார்கள். பெயர் மட்டும் எழுதிய சீட்டு இத்தகைய மாற்றத்தில் திண்டாடும். பூவின் நிறமும் தண்டின் இடமும் செடி வந்த வழியும் எழுதிய சீட்டு தப்பிக்கும், ஏனென்றால் கண்ணால் கண்டதை எந்தத் திருத்தமும் பொய்யாக்காது.

ஆகவே சீட்டில்லாத செடிக்குச் சீட்டு எழுதுங்கள். 'டிக்கியா. சிற்றினம் தெரியாது. இன்ன ஆண்டு, இன்ன ஊரில், இன்னார் தோட்டத்துக் கன்று. பங்குனியில் பூத்தது, ஆரஞ்சு, பக்கத் தண்டு, இலையடியில் வரிச்செதில்' என்று அலுமினியத் தகட்டில் கூர்முனையால் அழுத்தி எழுதினால் வெயிலும் மழையும் அதை அழிக்காது. தகடு போனாலும் இருக்கட்டும் என்று நோட்டில் ஒரு நகல். கன்று கொடுத்தவர் உயிரோடு இருந்தால் இன்றே போய்க் கேளுங்கள். எங்கே வாங்கினார், விதையா கன்றா, அதற்கு முன்னால் யார் கையில் இருந்தது என்று. எந்த லென்ஸும் தராத விடை அவரிடம் இருக்கலாம். முன்பே யூகத்தில் எழுதி நட்டுவைத்த சீட்டுகளை எடுத்துவிடுங்கள். அந்தப் பெயரை அடியோடு அழிக்க மனமில்லையென்றால், யார் சொன்னது, எந்த ஆண்டு, எதைப் பார்த்துச் சொன்னது என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள். உங்கள் செடியில் விளைந்த விதையை யாருக்காவது கொடுத்தால், தாய் இன்னது, தகப்பன் தெரியாது என்று பொட்டலத்தின்மேல் எழுதிக் கொடுங்கள்.